கதவில் ஒட்டிய கன்னம்

என் அண்ணி வீட்டு அலமாரியில் திறக்காத பாட்டில்கள் நிறைய இருந்தன. இருமல் மருந்து, ஷாம்பு, தரை துடைக்கும் திரவம், கூந்தல் எண்ணெய், தேன். மற்ற வீடுகளில் பரிசுக் கோப்பைகளும் பொம்மைகளும் நிற்கும் இடத்தில் இவை நின்றன. எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த லேபிள் அண்ணி வரைந்தது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் தேன் பாட்டிலைக் கையில் எடுத்து, தேன் நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். அண்ணி தெரியாது என்பார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. எந்தப் பாட்டிலையும் அவர் திறந்து பார்த்ததில்லை.

அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் அதுதான் வழக்கம். கம்பெனிக்காரர்கள் மூடிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். உள்ளே இருப்பது என்ன, எதற்கு நல்லது என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னதை வைத்து இவர் வரைவார். பாட்டில் அப்படியே வீட்டுக்கு வந்து அலமாரி ஏறிவிடும்.

அந்த அச்சகத்தில் அண்ணி முதலில் சேர்ந்தது லேபிள்களை எண்ணிக் கட்டுப்போடும் வேலைக்கு. டிசைன் செய்கிறவர் சாப்பிடப் போகும்போது அவருடைய கணினி சும்மா இருக்கும். அண்ணி தன் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் உட்காருவார். ஒரு நாள் டிசைன்காரர் பாதியில் திரும்பி வந்து பார்த்தபோது, தான் காலையில் போட்டு வைத்திருந்த எழுத்துகளை யாரோ சீராக்கியிருப்பதைக் கண்டார். திட்டவில்லை. நேரே முதலாளியிடம் போய், இனி தைரியமாகத் தன் கல்யாணத்துக்கு விடுமுறை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விடுமுறை முடிந்து அவர் வந்தபோது இரண்டாவதாக ஒரு கணினி வாங்கியிருந்தார்கள்.

லேபிள் தேறுமா என்று பார்க்க அச்சகத்தில் ஒரு முறை உண்டு. பின்னறையில் ஒரு ரேக். அதில் கடையில் இருப்பது போலவே பல கம்பெனிகளின் பாட்டில்கள் நெருக்கி அடுக்கியிருக்கும். புது லேபிளை ஒரு பாட்டிலில் ஒட்டி அவற்றுக்கு நடுவே வைத்துவிட்டு, எல்லோரும் அந்த வழியாக டீ குடிக்கப் போவார்கள். நின்று பார்க்கக் கூடாது. போகிற போக்கில் கண் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் டீ முடிந்ததும் மறுபடி வேலை.

இதையெல்லாம் நான் அதே வீட்டில் இருந்தும் வெகுகாலம் கவனித்ததில்லை. அந்த வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, நிரல் எழுதுவது, படம் வரைவது, சத்தம் சேர்ப்பது எல்லாம் நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டு செய்தது. பெயர் 'மேலே கீழே'. ஓர் உயரமான கட்டிடத்தின் லிப்ட்டை இயக்குகிறவர் நீங்கள். ஆட்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வருவார்கள். யாரை எங்கே நிறுத்தி, எதை எதன் மேல் வைத்தால் எல்லோரும் அடங்குவார்கள் என்று யோசித்து ஏற்ற வேண்டும். இடையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே போகலாம். அவ்வளவுதான் விளையாட்டு. எங்கள் கட்டிடத்து லிப்ட் முக்கால்வாசி நாள் பழுதாகிக் கிடக்கும். ஏக்கத்தில் பிறந்த கேம் என்று அண்ணன் சொல்வார்.

அண்ணன் ஒரு பேருந்து கம்பெனியின் அலுவலகத்தில் இருப்பவர். நேரத்துக்கு வராத எதையும் அவரால் நம்ப முடியாது. என் கேமும் அதில் சேர்த்தி. கடைசியில் அவரும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கேம்களை இணையத்தில் விற்கும் கடை ஒன்றில் டெமோ வாரம் என்று ஒன்று நடக்கும். இன்னும் வெளிவராத கேம்களின் ஒரு பகுதியை அந்த வாரம் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். பிடித்தால், வெளிவந்ததும் சொல்லும்படி ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்கள். ஒரு கேம் ஒரு முறைதான் அதில் கலந்துகொள்ள முடியும். அந்த வாரத்தில் என் கேமை நாலு பேர் சீண்டினால் நான் தொடரலாம். இல்லையென்றால் பழைய கம்பெனிக்கு, வேறு ஊருக்கு, திரும்பிவிட வேண்டும். பழைய மேனேஜர் நல்லவர். அதுவரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாக அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

கடையில் என் கேமுக்கான பக்கத்தை முன்கூட்டியே திறந்து வைத்தேன். யாரும் வரவில்லை. ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. கேம் எப்படி இருக்கும் என்பது உள்ளே வந்த பிறகுதானே தெரியும். உள்ளே வருவதற்கு இருப்பது ஒரே ஒரு சின்னப் படம். தம்ப்நெயில் என்பார்கள். கடையின் முகப்பில் அது தபால்தலை அளவுக்குத்தான் தெரியும், நூறு படங்களுக்கு நடுவே. நான் என் கேமில் இருந்த எல்லோரையும் அதற்குள் நிற்க வைத்திருந்தேன். யாரையும் விட மனம் வரவில்லை. எல்லோரும் நான் பெற்ற பிள்ளைகள்.

மேசை துடைக்க வந்த அண்ணி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கல்யாண வீட்டு குரூப் போட்டோவா?"

"இது தம்ப்நெயில் அண்ணி. இதப் பாத்துட்டுத்தான் கேமுக்குள்ள வருவாங்க."

"அப்போ லேபிள்னு சொல்லுங்க." துணியை மேசையிலேயே வைத்துவிட்டுக் குனிந்தார். "இதுல யாரு மாப்பிள்ளை, யாரு பொண்ணு? ஒண்ணும் புரியலையே."

தானே வரைந்து தருவதாக அவராகத்தான் சொன்னார். அந்தத் தொழிலில் பேர் எடுத்தவர் அவர். அச்சகத்தில் அவரிடம் வேலை வாங்க வரிசையில் நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைச் சட்டென்று இழுக்கிற மாதிரி ஓர் இடத்தைக் காட்டும்படி கேட்டார். நான் மின்சாரம் போகும் காட்சியைக் காட்டினேன். முழுக் கேமிலும் ஒரே ஒரு முறை, சிறிது நேரம், லிப்ட் இருட்டில் நின்றுவிடும். சிவப்பு விளக்கு மட்டும் எரியும். அண்ணி அதைப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார்.

அவர் வரைந்து வந்தது அபாரமாக இருந்தது. கருங்கிணறு மாதிரி ஒரு பாதாளம். நடுவே ஒற்றைக் கம்பியில் தொங்கும் லிப்ட். அதன் ஜன்னலில் சிவப்பு. தபால்தலை அளவிலும் பயமுறுத்தியது. அதை ஏற்றிய அன்றே பக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டெமோ வாரத்துக்கு முன்னோட்டமாக ஒரு சிறிய பகுதியையும் ஆடிப் பார்க்கும்படி வைத்தேன். வந்தவர்கள் ஆடினார்கள். பிறகு எழுதவும் தொடங்கினார்கள்.

அவர்கள் எழுதியவற்றை அண்ணன் இரவுச் சாப்பாட்டின்போது தன் கைப்பேசியில் பார்த்துச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தார். "பேய் எங்கே?" என்பது முதலாவது. "ரொம்ப நேரமா பெட்டி ஏத்தி எறக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒரு பேயும் வரல." "அந்த பீரோ வெச்சிருக்கற ஆளுதான் பேயா? அப்படின்னா சொல்லிடுங்க, நான் தூங்கணும்."

நானும் சிரித்தேன். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஏமாந்து திரும்பியிருந்தார்கள். வராமலே இருந்தவர்களாவது பின்னால் வரக்கூடும். ஏமாந்து போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். டெமோ வாரம் அருகில் வந்துகொண்டிருந்தது. அண்ணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு அலமாரியில் இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றார்.

மறுநாள் விடுமுறை. காலையில் சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தொறங்க. நான் விளையாடணும்."

"நீங்களா அண்ணி? உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னுல்ல நெனச்சேன்."

"பிடிக்குதா இல்லையான்னு தொறந்தாத்தான தெரியும்? இத்தன வருஷமா லேபிள் போடறேன், ஒரு பாட்டிலக் கூடத் தொறந்ததில்ல. உங்களோடதையும் அப்படியே மூடி வெச்சே வரைஞ்சுட்டேன். நீங்க ஒரு எடத்தக் காட்டினீங்க, நானும் உள்ள பூரா அதுதான்னு நெனச்சுட்டேன்."

சுட்டியை இஸ்திரிப் பெட்டி மாதிரிப் பிடித்தார். முதல் மாடியில் ஒரு கிழவரையும் அவருடைய நாயையும் ஏற்றவே வெகுநேரம் ஆயிற்று. நான் சொல்லித்தர வாயெடுத்தபோதெல்லாம் கையைக் காட்டி அடக்கினார். நாயைக் கிழவரின் தலைமேல் வைக்கப் பார்த்தார். இசை ஆசிரியை தன்னைவிட உயரமான, பிடில் மாதிரியான வாத்தியத்தோடு வந்தபோது, "இந்தம்மா ஏன் புல்லாங்குழல் கத்துக்கல?" என்று அலுத்துக்கொண்டார். அந்தக் கேமை நான் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்திருப்பேன். இன்னொருவர் அதை ஆடும்போது அவர் முகத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

பிறகு பீரோக்காரர் வந்தார். அவர் தன் பீரோவை விட்டுப் பிரியமாட்டார். இரண்டையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். அண்ணி பீரோவைத் திருப்பினார், சாய்த்தார், ஒருவழியாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். விளிம்பில் இடமில்லாமல் நின்ற பீரோக்காரரின் கன்னம் கதவுக் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஒரு கண் மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, ஆனாலும் பொறுமையாக அவர் மாடி மாடியாக மேலே போனார்.

அண்ணி சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராமல் தோள் குலுங்கி, பிறகு கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. "ஏங்க, இங்க வாங்க, இந்த மனுஷனப் பாருங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அடுத்த மாடியில் இடம் காலியானதும் வேண்டுமென்றே பீரோவை நகர்த்தி அவரை மறுபடி கண்ணாடியில் ஒட்ட வைத்தார்.

"தம்பி, இதுதான் உங்க லேபிள்."

அது திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு நொடி அசைவுதான் என்றேன். இடம் போதாதபோது ஆள் எப்படி நிற்பார் என்று யோசித்து, ஒரு மத்தியானம் போகிற போக்கில் வரைந்தது. கேமில் அதற்கென்று ஒரு பொருளும் இல்லை.

"நான் எங்க சிரிச்சேனோ அங்கதான வர்றவங்களும் சிரிப்பாங்க? பேயத் தேடறவன் வரவேணாம். இதப் பாத்துச் சிரிக்கறவன் வந்தாப் போதும்."

அன்றே வேலை ஆரம்பித்தது. கண்ணாடியில் அழுந்திய கன்னம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்காமல் வரைய அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை பட்டது போதும் என்றார். அண்ணனை பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கமாக நிறுத்தினார். தான் வெளியே நின்று படம் எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

"மூக்கு ஒடஞ்சா ஒன் கொழுந்தன் வாங்கித் தருவானா?"

"மூக்கு படத்துலயே வராதுங்க. கன்னத்த மட்டும் குடுங்க."

எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் ஏதாவது பிரச்சினையா, தான் வரட்டுமா என்று கேட்டார். அண்ணன் அதே கோலத்தில், கன்னத்தை எடுக்காமலே, ஒன்றுமில்லை என்று கையசைத்தார்.

அண்ணி வரைந்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒன்றில் பெரிய படம். மற்றதில் அதே படம் தபால்தலை அளவில். கை பெரியதில் ஓடும், கண் சிறியதை விட்டு நகராது. சிறியதில் தெரியாத எதையும் பெரியதிலும் வைக்கவில்லை. அண்ணனின் மீசை முதலில் போயிற்று. சிறிய அளவில் அது உதட்டில் உட்கார்ந்த பூச்சி மாதிரித் தெரிந்தது. அண்ணனுக்கு அதில் இரண்டு நாள் வருத்தம். கடைப் பக்கத்தின் பின்னணி கருநீலம். அக்கம்பக்கத்துப் படங்களில் பாதி சிவப்பு, பாதி ஊதா. அதனால் லிப்ட்டின் உட்புறத்தை எலுமிச்சை மஞ்சளாக்கினார். தலைப்பின் எழுத்துகளைத் தடிப்பாக்கி, நெருக்கி, அவையும் இடமில்லாமல் விளிம்பில் ஒண்டி நிற்பது போல வைத்தார். தள்ளுபடிச் சீட்டைக் கடை எந்த மூலையில் ஒட்டும் என்று என்னிடம் கேட்டு, அந்த மூலையைக் காலியாக விட்டார். அச்சகப் பழக்கத்தில், தாளை வெட்டும் கத்திக்காகச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். இங்கே யாரும் வெட்டமாட்டார்கள் என்று நான் சொன்னதும் கன்னம் இன்னும் பெரியதாயிற்று. நான் அவருக்குச் சொல்லித்தந்தது அது ஒன்றுதான்.

சோதித்துப் பார்க்க ரேக் இல்லையே என்றேன். அண்ணி கடையின் முகப்புப் பக்கத்தைப் படமாக எடுத்து, அதன் நடுவே எங்கள் படத்தைச் செருகி, அச்சகத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில், கண் மட்டத்தில் ஒட்டினார். லிப்ட் வழக்கம்போல் பழுது. கட்டிடமே அந்தப் படி வழியாகத்தான் ஏற வேண்டும்.

வாசலில் நின்றுகொண்டு, மேலே வருகிறவர்களிடம் படம் நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. திருப்பத்தில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். தண்ணீர் கேன் தூக்கி வந்தவர், "ஒண்ணும் பாக்கலம்மா, மூச்சு வாங்குது" என்றார். மேல்மாடித் தையல்காரர் யோசித்து, ஏதோ ரொட்டி விளம்பரம் என்றார். அண்ணி விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் பார்த்தார். கன்னத்துக்குப் பின்னால் நின்ற பீரோதான் ரொட்டி. பழுப்பு நிறத்தில், கட்டையாக, ஓரம் உருண்டு, ரொட்டியேதான். மறுநாள் பீரோ பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. அதன் ஒரு மூலையும் கைப்பிடியும் மட்டும், கைப்பிடி அவர் காதில் குத்துகிற மாதிரி, மிச்சம் இருந்தன. புது அச்சுத்தாளை ஒட்டினோம்.

"யாரோ ஒரு ஆளு கதவுல மாட்டிக்கிட்டாரு, பாவம்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் சிரித்தபடியே ஏறினார்.

அடுத்து நர்ஸ் வந்தார். அண்ணி கேட்பதற்கு முன்பே அவர், "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஏன் சுவத்துல இருக்காரு?" என்றார்.

தேறிவிட்டது என்று அண்ணி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்றிரவே கடையில் பழைய படத்தை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன்.

டெமோ வாரம் தொடங்கியதும் என்னால் அறையில் உட்கார முடியவில்லை. படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்குப் படத்துக்கு வந்த கூட்டம் கன்னப் படத்துக்கு வரவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறைவானவர்களே வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் போகவில்லை. ஆடி முடித்து, மறுபடி ஆடி, பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். அழுத்தியவர்களின் எண்ணிக்கை முதல் நாளில் மெதுவாக, பிறகு நிற்காமல், கூடிக்கொண்டே போயிற்று. எங்கோ இருந்த ஒருவர் எழுதியிருந்தார்: "அந்த மூஞ்சிக்காக வந்தேன். பீரோவ எறக்கி வெக்கற வரைக்கும் எந்திரிக்க முடியல. எங்க வீட்டு லிப்ட்லயும் இப்ப எல்லாருக்கும் எடம் விட்டு நிக்கறேன்." அதை நான் பலமுறை படித்தேன்.

வாரத்தின் கடைசி நாள் அண்ணன் அலுவலகத்தில் இருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றபடி மேனேஜருக்குப் போன் செய்தார். நான் ஏறிக்கொண்டிருந்த படியிலேயே நின்றுவிட்டேன். அவரிடம் எதையும் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் தினமும் எனக்குத் தெரியாமல் கடைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"சார், அவன் வரமாட்டான். அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க. இத்தன நாள் வெச்சிருந்தீங்களே, ரொம்ப நன்றி சார்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் மூஞ்சிய ஊரு ஒலகம் பூரா மாட்டி வெச்சுட்டு, நீ மட்டும் நல்லபிள்ளையா ஆபீசுக்குப் போயிடலாம்னு பாத்தியா? அதுவும் மீசை இல்லாம."

வாழ்த்து என்று அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அது போதும். சிரித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணியிடம் நன்றி சொல்லப் போனபோது அவர் அலமாரி முன்னால் நின்றிருந்தார். தேன் பாட்டிலை எடுத்துத் துணியால் துடைத்து, மூடியைத் திருகினார். இறுகிப்போயிருந்தது. அண்ணன் வந்து திறந்து கொடுத்தார். ஒரு கரண்டியில் ஊற்றி நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ கெட்டியா வழியற மாதிரி நான் வரைஞ்சிருக்கக் கூடாது." கரண்டியை என்னிடம் நீட்டினார். "உங்களுக்குத்தான் தம்பி நான் நன்றி சொல்லணும். இத நான் எப்பத் தொறந்திருப்பேன்?"

இப்போது அச்சகத்துக்கு யார் பாட்டில் கொண்டுவந்தாலும் முதலில் மூடியைத் திறக்கச் சொல்கிறாராம். தரை துடைக்கும் திரவக்காரர் கொஞ்சம் பயந்துபோய்விட்டார் என்று கேள்வி.

'மேலே கீழே' வெளிவந்துவிட்டது. அதன் முடிவில் உழைத்தவர்கள் பெயர் ஓடும் இடத்தில், 'லேபிள்: அண்ணி' என்றும் 'கன்னம்: அண்ணன்' என்றும் போட்டிருக்கிறேன். எங்கள் லிப்ட்டையும் சரிசெய்தார்கள். படித் திருப்பத்தில் ஒட்டிய தாளை இப்போது யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. அடுத்த கேமை ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஒரு தெருவும் ஒரு சைக்கிளும்தான் அதில் இருக்கின்றன. ஆனாலும் விடுமுறை நாள் காலையில் அண்ணி வந்து, அதுவரை இருப்பதைத் திறந்து காட்டச் சொல்லி ஆடிப் பார்க்கிறார். சிரிக்கும்போது நான் அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். சிரிக்காதபோதும்தான்.

அன்று தூக்கிக்கொண்டு வந்த ஸ்டூல் சமையலறைக்குத் திரும்பவே இல்லை. பரண் மேல் இருப்பதை ஏறி எடுக்க ஏதும் இல்லை என்று அண்ணன் புலம்பிக்கொண்டே இருக்கிறார்.